கோடையில் தோட்டப் பயிருக்கு நீர் பாய்ச்சுதல்

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

சித்திரை மாதத்தின் பிற்பகுதியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், நம் கிராமச் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களில் ஒரே பொருள் பல ரூபங்களில் இடம் பெறக் காணலாம். கிணற்றில் நீர் இறங்கிவிட்டது; நூல் அலசத் தண்ணீர் போதவில்லை; காய்கறிப் பாத்திகள் கருகுகின்றன; கடன் தவணைக்கு அவகாசம் வேண்டும்; இன்னார் தம் முறைக்கு மேல் நீர் இறைத்துக்கொண்டார் என்று இன்னொருவர் மனு. இவை யாவும் வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றினும் இவற்றின் மூலம் ஒன்றே. இருக்கும் நீரை எப்பொழுது, எவ்வளவு, எவ்விதம் பயிருக்கு விடவேண்டும் என்பதை நாம் நன்கு அறியாததே அம்மூலமாகும்.

நான் இங்குக் கூறவிருப்பது பெரிய பாசனத் திட்டங்களைப் பற்றியன்று. வீட்டுக் கொல்லையிலும், தறிக்கூடத்தின் பின்புறத்திலும், கிணற்றடியிலும் நம் அங்கத்தினர்கள் வளர்க்கும் கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை முதலிய சிறு தோட்டங்களைப் பற்றியதே இக்கட்டுரை. இவ்விஷயத்தில் நான் அறிந்ததில் பாதி, கல்லூரியில் தாவர நூல் பயின்றபோது கிடைத்தது. மறுபாதியை ஒரு நெசவாளர் சங்கத்து அம்மையாரிடம் ஒரே காலைப் பொழுதில் கற்றேன். அந்த இரண்டாம் பாடம் தாமதமாகக் கிடைத்திருந்தால் பன்னிரண்டு குடும்பங்களுக்கு நான் தீங்கிழைத்திருப்பேன். ஆகவே, அவ்வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மனுவும் ஒரு குறிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் என் சரகத்திலிருந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில் ஒரு வட்டக் கிணறும், நூல் அலசும் தொட்டியும், அவற்றின் பின்னே 36 சென்ட் நிலமும் இருந்தன. அந்நிலத்தைக் குடும்பத்துக்கு 3 சென்ட்டாகப் பன்னிரண்டு அங்கத்தினர்களுக்குச் சங்கம் பிரித்துக் கொடுத்திருந்தது. விதைக்கும் எருவுக்கும் சிறு கடனும் வழங்கப்பட்டிருந்தது. நெசவுக் கூலி குறையும் மாதங்களில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த 3 சென்ட்டினால்தான் என்றால் அது மிகையாகாது.

அவ்வாண்டு கோடை கடுமையாக இருந்தது. கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. நூலைப் போதிய நீரில் அலசாமையால் சாயம் நிற்கவில்லை என்று சில உருப்படிகள் திரும்பி வந்தன. எனவே, மழை பெய்யும்வரை தோட்டத்தை மூடிவிட வேண்டுமென்று அங்கத்தினர்களில் ஒரு சாரார் மனுக் கொடுத்தனர். அவர்கள் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. திரும்பி வந்த உருப்படியின் நஷ்டம் சங்கம் முழுவதற்கும் உரியதன்றோ?

நான் விசாரணைக்குச் சென்றபோது பிற்பகல் 2 மணி. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பாத்தி பாக்கியில்லாமல் இலைகள் தொங்கிக் கிடந்தன. ‘தோட்டத்தால் பயனில்லை, நீர் விரயம், மூடிவிடலாம்’ என்று சிறு காகிதத்தில் குறிப்பெழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நானும் தாவர நூலில் பட்டம் பெற்றவன்தான். எனினும், அந்த நேரத்தில் பார்ப்பது சரியான பார்வையாகாது என்னும் எளிய உண்மை என் நினைவுக்கு வரவில்லை.

அப்பொழுது அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், தார் சுற்றிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். “ஐயா, இந்த நேரத்தில் பார்த்தால் எல்லாப் பயிரும் செத்த பயிராகத்தான் தெரியும். நாளைக் காலையில், பாவு நீட்டும் நேரத்துக்கு வந்து பாருங்கள்” என்றார்.

மறுநாள் விடியற்காலை சென்றேன். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் நான் கண்ட காட்சி முந்தின நாள் கண்டதற்கு முற்றிலும் வேறானது. ஐந்து குடும்பங்களின் பாத்திகளில் செடிகள் தலை நிமிர்ந்து நின்றன. ஏழு குடும்பங்களின் பாத்திகளில் மட்டுமே, இரவு முழுவதும் குளிர்ந்த பிறகும், இலைகள் தொங்கியபடி இருந்தன. அம்மையார் களைக்கொத்தை எடுத்தார். வாடி நின்ற ஒரு பாத்தியில் கொத்தினார். மேல்மண் ஈரம், இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே புழுதி. தம் பாத்தியில் கொத்தினார்; மேலே காய்ந்த சருகும் தூளும், ஒரு சாண் ஆழத்தில் கையில் ஒட்டும் ஈரம். இரு பாத்திகளுக்கும் கிணறு ஒன்றே.

“எழுதுவதற்கு முன்னால் ஒரு சாண் தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், தம்பி” என்றார். நேற்று ‘ஐயா’ என்றவர் இன்று ‘தம்பி’ என்றது எனக்கு வருத்தமளிக்கவில்லை. அவர் கூறியது என்னவென்று விளங்கிற்று.

பயிர் ஏன் வாடுகிறது?

பயிர் தன் வேரால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலைகளின் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் பல உள்ளன. அவற்றின் வழியேதான் பயிர் காற்றிலிருந்து தன் உணவுக்கு வேண்டிய கரியமிலவாயுவை ஏற்கிறது; அவற்றின் வழியேதான் நீராவியும் வெளியேறுகிறது. நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது. நம் உடலில் வேர்வை செய்யும் வேலையை ஒத்தது இது.

உச்சி வெயிலில் இலை வெளியேற்றும் வேகத்துக்கு வேர் நீரைக் கொடுக்க இயலாமற் போகலாம். அப்பொழுது இலை தளர்ந்து தொங்குகிறது. துளைகள் சுருங்கிச் செலவு குறைகிறது. பூசணி, பீர்க்கு, சுரை போன்ற அகன்ற இலைக் கொடிகள், அடிமண்ணில் ஈரம் இருக்கும்போதே நடுப்பகலில் இவ்வாறு தொங்குவதுண்டு. மாலையில் அவை தாமே நிமிர்ந்துவிடும். நெசவாளருக்கு இது புதிதன்று. வறண்ட காற்று வீசும் பகலில் பாவிழை அடிக்கடி அறுபடுவதையும், அதே பாவு காலையில் தொல்லையின்றி ஓடுவதையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

ஆகவே, முதல் விதி இது: மதியம் வாடுவது எச்சரிக்கை, காலையிலும் வாடி நிற்பதே ஆபத்து. பயிரின் நிலையைக் காலை 6 மணிக்குப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. மண்ணில் நீர் தேங்கி வேருக்குக் காற்றுக் கிடைக்காவிடினும் பயிர் வாடும், வேரழுகலும் தொடரும். வாடியதைக் கண்ட மாத்திரத்தில் மேலும் நீரை விட்டால் அப்பயிரை நாமே கொன்றவர்களாவோம். தோண்டிப் பார்த்தபின்பே குடத்தைத் தூக்குதல் நன்று.

எப்பொழுது பாய்ச்சுவது?

விடியற்காலையே சிறந்த நேரம். அப்பொழுது மண் குளிர்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், விட்ட நீர் ஆவியாகுமுன் வேரடியில் இறங்கும், வெயிலை எதிர்கொள்ளப் பயிர் கையிருப்புடன் நிற்கும். காலையில் இயலாதவர்கள் வெயில் தாழ்ந்தபின் பாய்ச்சலாம். ஆனால், மாலையில் இலைகளை நனைக்காமல் அடிமண்ணில் மட்டும் விடுதல் வேண்டும். இரவு முழுவதும் ஈரமாக நிற்கும் இலையில் பூசண நோய்கள் எளிதில் பற்றும்.

நடுப்பகலில் இலைமேல் விழும் நீர்த்துளி பூதக்கண்ணாடியைப் போல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2010-ல் ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வழவழப்பான இலைமேல் படிந்த நீர்த்துளி இலையைச் சுடுவதில்லை என்றும், மெழுகுத் தன்மையுள்ள உரோமங்கள் துளியை இலைக்குச் சற்று மேலே தாங்கி நிற்கும் இலைகளில் மட்டுமே அவ்வாறு நேரக் கூடும் என்றும் அவர்கள் கண்டார்கள். எனவே, நடுப்பகலில் பாய்ச்ச வேண்டாமென்பதற்கு இலை கருகும் என்ற அச்சம் காரணமன்று. நீர் வீணாகும் என்பதே காரணம். தொட்டியில் வைத்த செடியோ, இளநாற்றோ வெயிலில் சாய்ந்துவிட்டால் உடனே நீர் விட்டு நிழலில் ஒதுக்குவதில் தவறில்லை.

இங்கு ஒரு சிறு எச்சரிக்கை. வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயில் தங்கிய நீர் கை பொறுக்காத சூடாக இருக்கும். முதலில் வரும் அந்நீரைப் பயிரின் மேல் விடாமல் வாளியில் பிடித்து ஆறவைத்துக்கொள்க. நாற்று நடுவதாயின் மாலையில் நடுக. தென்னங்கீற்றாலோ பழந்துணியாலோ சில நாட்கள் நிழலிடுக.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை?

நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதே நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். வாடி நின்ற ஏழு பாத்திகளில் நடந்ததும் அதுவே. காலையும் மாலையும் மண்ணின் முகத்தை நனைத்தார்கள். அந்நீர் வேரை எட்டுமுன் வெயில் குடித்துவிட்டது. அதைவிடத் தீங்கானது மற்றொன்று. ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே பரவுகிறது. மேல்மண் சூடேறியதும் அந்த வேரே முதலில் கருகுகிறது. ஒரு சாண் ஆழம் நனையும்படி விட்டு, பின் இடைவெளி கொடுத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்லும். ஆழத்தில் சென்ற வேர் ஒரு நாள் முறை தப்பினாலும் தாங்கும்.

இடைவெளி எவ்வளவென்பது மண்ணைப் பொறுத்தது. மணற்பாங்கான செம்மண் நீரை விரைவில் இழக்கும்; அதற்குக் கோடையில் ஏறத்தாழ 2 அல்லது 3 நாளுக்கு ஒரு முறை வேண்டும். களிப்பாங்கான மண் 5 நாள்வரையும் தாங்கக் கூடும். கீரைக்கு வேர் ஆழமில்லையாதலின் அதற்கு மட்டும் நாள்தோறும் சிறிது தேவை. ஐயமெழுந்தால் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கவும். உருண்டையாக நின்றால் பொறுக்கலாம். உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். மணல் மிகுந்த மண்ணில் உருண்டை சரியாக நிற்காது. அங்கே கையில் குளிர்ச்சி தட்டுகிறதா என்பதே அடையாளம்.

தக்காளி பயிரிடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. சில நாள் காயவிட்டு, பின் ஒரேயடியாக வெள்ளம்போல் விட்டால் பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகச் செல்லாமையால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுதலும் நேரும். தக்காளிக்கு வேண்டியது மிகுந்த நீரன்று, ஒழுங்கான நீர்.

அளவைக் கணக்கிடுவதும் கடினமன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கோடை நாளில் நன்கு வளர்ந்த காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், சென்ட் ஒன்றுக்கு 200 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர்க் குடத்தால் 13 அல்லது 14 குடம். இரண்டு நாளுக்கு ஒரு முறை பாய்ச்சுபவர் இரண்டு நாட்கணக்கையும் சேர்த்து விடவேண்டும். இது நிலம் முழுவதும் பயிர் மூடி நிற்கும்போது வேண்டிய அளவு. வரப்புக்கும் நடைபாதைக்கும் நீர் தேவையில்லை என்பதை மறவாதிருந்தால் இதில் கணிசமான பகுதி மிஞ்சும்.

மூடாக்கு என்னும் சேமிப்பு

அம்மையாரின் பாத்தியில் மேலே கிடந்த சருகைக் குறிப்பிட்டேன். அதுவே அவருடைய இரகசியம். வெறும் மண்ணின்மேல் வெயில் நேரே பட்டால் ஈரம் ஆவியாகும், மண்ணும் கொதிக்கும். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் கிடைத்ததை மூன்று, நான்கு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பிவிட்டால் ஆவியாவது பெரிதும் குறையும், களை எழாது, நாளடைவில் அதுவே மட்கி எருவாகும். செடியின் தண்டை ஒட்டினாற்போல் குவியாமல் சிறிது இடம் விடவேண்டும். கறையான் உள்ள இடங்களில் அடிக்கடி புரட்டிப் பார்த்தல் நன்று. தென்னை மரம் உடையோர், அடிமரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டைகளைக் குவிந்த புறம் மேலே இருக்குமாறு அடுக்கி வைக்கலாம்.

மூடாக்குக்கு ஒன்றும் கிடைக்காதவர்கள், பாய்ச்சிய மறுநாள் மண் காய்ந்து ஏடு கட்டுமுன் களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிடுவார்களாக. கட்டி உடைந்த தூள் மண்ணே ஒரு போர்வையாகி அடியீரத்தைக் காக்கும்.

புதைத்த பானையும் சொட்டு நீரும்

அடுத்து, ஓர் எளிய கருவி. சூளையில் சுட்ட, மெருகோ வர்ணமோ பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டு, சுற்றிலும் செடி நடுவது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் செல்கிறது. சுற்றுமண் ஈரமாயிருந்தால் கசிவு குறைகிறது, காய்ந்தால் மிகுகிறது. பூசணி, பாகல், தர்ப்பூசணி போன்ற கொடிகளுக்கு இது மிகவும் ஏற்றது. சில நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். இம்முறை கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண்மை நூலொன்றிலேயே விவரிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கர்னாலிலுள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் இதைச் சோதித்துப் பயனுள்ளதெனக் கண்டார்கள். நம் ஊர்க் குயவருக்கும் இதனால் வேலை கிடைக்கும் என்பதையும் சங்கங்கள் கருதலாம்.

சொட்டு நீர்ப் பாசனத்தின் வரலாறு கூட்டுறவாளர்களுக்குப் பெருமை தரத்தக்கது. சிம்கா பிளாஸ் என்னும் பொறியாளர் கண்ட முறையை, 1965-ல் இஸ்ரேல் நாட்டுப் பாலைநிலத்திலிருந்த ஹாட்செரிம் என்னும் கூட்டுக் குடியிருப்பின் மக்கள் ஏற்று, அக்கருவிகளைத் தாங்களே உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். தனி மனிதர் ஒருவரின் கண்டுபிடிப்பு, கூடி உழைத்தவர்களின் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. நம் மாநிலத்தில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு அரசின் மானியம் உண்டு. அங்கத்தினர்கள் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விவரம் அறிந்து பயன் பெறலாம். ஆயின், சொட்டுக் குழாய் போட்டுவிட்டோம் என்று தோண்டிப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது. அடைபட்ட ஒரு துளையால் ஒரு செடி சாவது எளிது.

எந்த நீர் ஆகாது?

நீர்ப் பஞ்சத்தில் எந்த நீரும் நீரே என்று தோன்றும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், பாவுக்குக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் மிஞ்சியதை நீர்க்கக் கரைத்தது ஆகியவை தோட்டத்துக்கு ஏற்றவை. சோப்பு நீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

சாயநீர் மட்டும் ஒருபோதும் ஆகாது. சாயமேற்ற உப்பும் சோடாவும் சேர்க்கின்றனர். சிலவகைச் சாயங்களுக்குக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் வேண்டும். இவற்றிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்துவிடும். மண் இறுகி, நல்ல நீரைக்கூட உள்ளே விடாது. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச இயலாது. நொய்யல் ஆற்றின் மீதுள்ள ஒரத்துப்பாளையம் அணை இதற்குச் சாட்சி. பயிர் விளைவிக்கக் கட்டப்பட்ட அந்த அணையில் சாயக் கழிவு தேங்கியதால் அதன் நீர் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உழவர் நிலத்தை இழந்தனர். தொழிலாளர் வேலையை இழந்தனர். நீர் கெட்டால் தறிக்கும் ஏருக்கும் கேடு ஒருங்கே வரும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் எடுத்துரைக்க முடியும்?

கிணற்றின் வரவு செலவு

இனி, அச்சங்கத்தின் வரலாற்றை முடிக்கிறேன். அன்று மாலையே தலைவரும் காரியதரிசியும் நானும் கயிற்றில் கல் கட்டிக் கிணற்றை அளந்தோம். விட்டம் 4 மீட்டர். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை இறைக்காமல் விட்டு மீண்டும் அளந்தோம். நீர் 45 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ஏறத்தாழ 5,600 லிட்டர். இதுவே வரவு. பகலில் ஊறுவதைச் சங்கத்தின் சேமநிதியைப் போல் தொடாமல் விட முடிவு செய்தோம். நூல் அலசவும் தறிக்கூடத்துக்கும் 2,000 லிட்டர் முதற்செலவு. மிச்சம் 3,600 லிட்டர்.

தோட்டமோ 36 சென்ட். சென்ட்டுக்கு 200 லிட்டர் வீதம் 7,200 லிட்டர். சரிபாதி துண்டு விழுந்தது. வரப்பும் வழியும் மூன்றில் ஒரு பங்கு. அதை நனைக்காமல் விட்டால் 4,800. அப்பொழுதும் போதவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு சென்ட்டைக் கைவிட்டு 2 சென்ட்டை மட்டும் காப்பதானால் 3,200 லிட்டர். கணக்கு நேராயிற்று. ஆனால், பயிர் நிற்கும் ஒரு சென்ட்டைக் காயவிடுவதென்பது காகிதத்தில் கழிப்பது போன்றதன்று.

பொதுக்கூட்டத்தில் இக்கணக்கை வாசித்தபோது நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. மனுக் கொடுத்தவர்கள் நூல் அலச நீர் உறுதியானதைக் கண்டு அமைதியுற்றனர். தோட்டக்காரர்களோ எந்தப் பாத்தியைச் சாகவிடுவதென்று தெரியாமல் இருந்தனர். அந்த அம்மையார் எழுந்தார். “என் மிளகாய்ப் பாத்தியை விட்டுவிடுகிறேன். பூ வைத்திருக்கிறது, இருந்தாலும் விட்டுவிடுகிறேன். நன்றாக நிற்கிற பாத்தி வைத்திருப்பவள் முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் சொல்லுவார்கள்” என்றார். அதன்பின் ஒவ்வொருவராகத் தத்தம் சென்ட்டைக் கூறினர். காரியதரிசி நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்தார். விடியற்காலை 5 மணி முதல் 7.30 வரை முறை வைக்கப்பட்டது. மண் வாய்க்காலில் விட்டால் வழியிலேயே நீர் இறங்கிவிடுமாதலால் குழாயும் குடமுமே பயன்பட்டன. ஊரில் கிடைத்த கரும்புச் சோகை முழுவதும் மூடாக்காயிற்று.

கைவிட்ட பாத்திகள் மூன்று வாரத்துக்குள் கருகின. அம்மையாரின் மிளகாய்ச் செடிகளும் அவற்றுள் அடங்கும். காத்த பாத்திகளிலும் இரண்டு, வேர் ஏற்கெனவே மேலாகப் பரவிவிட்டமையால், பிழைக்கவில்லை. மற்றவை வைகாசிக் கடைசியில் மழை கண்டன. பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்பது உரிய காலத்தில் கடனைச் செலுத்தின; மூன்றுக்கு அவகாசம் பரிந்துரைத்தேன். அதன்பின் அக்கோடையில் சாயம் நிற்கவில்லையென்று ஓர் உருப்படியும் திரும்பி வரவில்லை.

என் சட்டைப் பையிலிருந்த குறிப்பை நான் கிழித்தெறியவில்லை. இன்றும் என் நாட்குறிப்பில் வைத்திருக்கிறேன். பிற்பகல் 2 மணிக்கு ஒரு தோட்டத்தையோ, ஒரு சங்கத்தையோ, கடன் கட்டாத ஓர் அங்கத்தினரையோ பார்த்துத் தீர்ப்பெழுதத் தோன்றும்போது அதை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணறு வற்றியபின் கூடிச் சண்டையிடுவதைக் காட்டிலும், பங்குனியிலேயே கூடிக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு சங்கமும் தன் கிணற்றின் விட்டத்தையும், ஓர் இரவில் ஊறும் அளவையும் அளந்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்துகொள்வதாக. பணத்தின் வரவு செலவை நாம் மாதந்தோறும் எழுதுகிறோம். கோடையில் பணத்தைவிட அரிதான பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது தகும். அப்பக்கத்தை எழுதுமுன், மறவாமல் ஒரு சாண் தோண்டிப் பார்க்கவும்.